எங்கள் பட்டறையிலிருந்து நட்பு நாட்டுக்கு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டெல்லி மேல்சபையில் உறுப்பினராக இருந்தவர் ஒருவர். அவருக்கு டைப் அடிக்க, போன் எடுக்க என்று கூடவே இருந்த உதவியாளர் ஒருவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, கடலூரில் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருந்த, கிள்ளை ஊர்க்காரப் பெரியவர். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். அப்புறம் நான். இடம், அண்ணாமலை நகரில் உறுப்பினருடைய மாமனார் வீட்டு முன்னறை. நேரம் காலை பதினொன்றரை. ஆறாவதாக யாரும் வரவில்லை. காபியைக்கூட உதவியாளர்தான் உள்ளே போய் வாங்கிவந்து கொடுத்தார்.

இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் உதவியாளர் தன் சார்பாகவும் உறுப்பினர் சார்பாகவும் அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்றார். பெரியவர், நடந்தது, ஆனால் என்னை இழுக்காதே என்றார். மச்சான் என்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலூர் செம்மண்டலம் பக்கம் மூன்று லேத் போட்ட ஒரு பட்டறை வைத்திருந்தேன். வேலைக்கு இரண்டு பேர். எனக்குப் பயந்த சுபாவம். பட்டறையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தாயா என்று ஒரே காலையில் மூன்று தடவை கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆனால் லேத் வேலைக்கு இந்தச் சுபாவம் கெட்டதில்லை. மற்றவர்கள் ஒரு தடவை அளந்தால் நான் மூன்று தடவை அளப்பேன். என் பட்டறையிலிருந்து போன சரக்கு திரும்பி வந்ததாகப் பேச்சே கிடையாது.

அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவன் மச்சான். கம்பெனிகளுக்கும் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கிக் கொடுத்துக் கமிஷன் எடுப்பது அவன் தொழில். வெளியூர் கம்பெனி ஒன்றின் வரைபடத்தை என் மேசையில் விரித்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கூம்பு, அலுமினியத்தில். உள்ளே துளை, அடியில் திருகி மாட்டுவதற்கான மரை. பொருளின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் கறுப்பு மையைப் பூசி, ஒரு எண்ணை மட்டும் விட்டிருந்தார்கள். என்ன பொருள் என்று கேட்டேன். ஏதோ பம்பு பாகம், வெளிநாட்டுக்குப் போகிறது என்றான். சலானிலும் பம்பு உதிரி என்றுதான் இருந்தது.

நிபந்தனைகள் எல்லாம் புதுசாக இருந்தன. கம்பியை எடை போட்டுத் தருவார்கள். கடைந்து விழுந்த சுருளையும் எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். தப்பாகிப்போன பீஸை அவர்கள் ஆள் எதிரில் இரண்டாக அறுத்துக் காட்ட வேண்டும். தண்ணீர் இறைக்கிற பம்புக்கு எதற்கு இத்தனை கெடுபிடி என்று மனதில் ஓடியது. ஓடியதை மச்சானிடம் சொன்னேன்.

"வெளிநாட்டுக்காரன் அப்படித்தான் மாமா, ஆணிக்குக் கூட பேப்பர் கேப்பான். நீங்க எதுக்குத்தான் பயப்படல?" என்று சிரித்தான்.

அவனை நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டேன். அந்த இரண்டு மாதமும் காலை எட்டு மணிக்கு வந்து பட்டறையைத் திறந்தவன் அவன். சாயந்திரம் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "பூட்டிட்டேன், இழுத்தும் பாத்துட்டேன்" என்று கட்டிலருகில் நின்று சொல்லிவிட்டுப் போவான். அப்படிப்பட்டவனிடம் போய் எதைச் சந்தேகப்படுவது?

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது வேலை எது வந்தாலும் முதல் பீஸ் சாமிக்கு. அதை விற்க மாட்டோம். சந்தனமும் குங்குமமும் வைத்து முருகன் படத்துக்குக் கீழே இருக்கிற பலகையில் வைத்துவிடுவோம். கரும்பு ஆலைக்குச் செய்த புஷ், படகு இன்ஜினுக்குக் கடைந்த ஷாஃப்ட் முனை, மாவு மில் புல்லி என்று அந்தப் பலகை நிறைந்திருந்தது. கம்பெனி கொடுத்த கம்பியில் கை வைக்க முடியாது, எல்லாம் எடைக் கணக்கு. அதனால் என் சொந்தக் கம்பித் துண்டு ஒன்றில் முதல் பீஸைக் கடைந்தேன். அது அவர்கள் கணக்கில் வராது, ஆகவே தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த மாதிரி ஒரு பொருளை வருகிறவன் போகிறவன் கண்ணில் படுகிறபடி பொட்டு வைத்து வைக்க உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

மூன்று தவணையாகச் சரக்கு போயிற்று. இரண்டு தவணைக்குப் பணம் வந்தது. நாள் தவறாமல் வந்தது. மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டினேன். இதை மறைக்கக்கூடாது.

மூன்றாவது தவணை லாரியில் ஏறிப் போன வாரம், கிள்ளைப் பெரியவர் தன் வீட்டு மோட்டார் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சாமி கும்பிடப் பலகையண்டை போனார். கும்பிடவில்லை. அந்தக் கூம்பை என்னைக் கேட்காமல் எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மரையை நகத்தால் தடவிப் பார்த்தார். பம்பு பாகம் ஐயா, வெளிநாட்டு ஆர்டர் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

"தம்பி, நான் பீரங்கிப் படையில இருந்தவன்" என்றார். "இது குண்டோட மூக்குல திருகுறது. இதுக்குள்ளதான் வெடிக்க வைக்கிற சாமான் உக்காரும். நீ பண்ணது வெறும் கூடுதான். ஆனா கூடு இல்லாம அது வெடிக்காது."

சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே அதை வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.  வேலை செய்கிற இரண்டு பேரையும் அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆறாயிரம் பீஸ். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து அனுப்பியிருக்கிறேன்.

அப்போது டிவியில் எந்நேரமும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் பீஸ் அங்கேதான் போயிற்றா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும். இடிந்த வீடுகளைக் காட்டுவார்கள். ஒரு பெண் கையில் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கல் குவியல் மேல் நடந்துபோவாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவள் காலடியில் கிடக்கிற தகரத்தையும் இரும்பையும் பார்ப்பேன், அலுமினியம் ஏதாவது மின்னுகிறதா என்று. மனைவி டிவியை நிறுத்திவிடுவாள்.

மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகம் மாறவில்லை அவனுக்கு. தனக்கும் தெரியாது என்றான். அந்தச் சமயம்தான் கம்பெனி இரண்டாவது ஆர்டரை அனுப்பியிருந்தது, முதல் ஆர்டரைப் போல இரண்டு மடங்கு. எங்கே போகிறது, யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியாமல் அதைத் தொட மாட்டேன் என்றேன். தொடாவிட்டால் பட்டறை நிற்கும், வேறு வேலை கையில் இல்லை, அதுவும் தெரிந்துதான் சொன்னேன்.  பிறகு, இதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் பார்லிமென்ட்தான், எனக்கு ஒருத்தரைத் தெரியும், நானே கூட்டிப்போகிறேன் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட நிற்க ஒருவன் இருக்கிறானே என்று.

அப்படித்தான் பெரியவரையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், அங்கிருந்து ஆட்டோவில் அண்ணாமலை நகர் போனோம். சந்தனம் காய்ந்திருந்த பீஸை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார். பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் நினைத்திருந்தது என்னவென்றால், வெளிநாட்டுக்கு ஆயுதம் விற்பதென்றால் முன்கூட்டியே சபையில் சொல்லி, எல்லாரும் சரி என்றால்தான் அனுப்புவார்கள் என்று. அப்படி ஒரு கட்டாயம் நம்மிடம் கிடையாது என்று அவர் விளக்கினார். அரசாங்கம் அனுமதி கொடுக்கும், சரக்கு போகும். உறுப்பினர்களின் குழு ஒன்று உண்டு, ஆனால் அது உட்காருவது மூடிய அறையில். வாங்குகிற நாட்டின் பெயரைக்கூடச் சபையில் சொல்ல மாட்டார்கள், நட்பு நாடுகள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

"நாங்க கேக்கலாம். அவுங்க சொல்லியே ஆகணும்னு இல்ல" என்றார்.

அதுவரை வாயைத் திறக்காத பெரியவர் அப்போதுதான் பேசினார். "ஐயா, பட்டாளத்துல ஒரு தோட்டா குறைஞ்சா எங்கள வெயில்ல நிக்க வச்சி கணக்கு கேப்பாங்க. வண்டி வண்டியா வெளிய போறதுக்குக் கணக்கு கேக்க ஆளே இல்லீங்களா?"

உறுப்பினர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்டுவிடலாம் என்றார். பதினைந்து நாளைக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வந்தால்தான் எடுப்பார்கள், பதில் மழுப்பலாக வந்தாலும் கேள்வி பதிவில் நிற்கும், நாளைக்கு இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கலாம். என்ன கேட்க வேண்டும் என்று என்னையே எழுதச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். எட்டாவது படித்தவன் எழுத்து. இந்தச் சாமான் எந்த நாட்டுக்குப் போகிறது. அனுமதி கொடுத்தது யார், என்ன பார்த்துக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று நம் பக்கத்திலிருந்து யாராவது போய்ப் பார்க்கிறார்களா. மூன்று கேள்வி. உதவியாளர் அதை அங்கேயே டைப் அடித்தார். உறுப்பினர் வாசித்துப் பார்த்து, மூன்றாவதுதான் சரியான கேள்வி, இதை எங்களில் யாருமே கேட்டதில்லை என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்.

கிளம்பும்போது பீஸ் தன்னிடமே இருக்கட்டும், ஆதாரம் வேண்டும் என்றார். சாமி பீஸ் ஆயிற்றே என்று தயங்கினேன்.

"குடுங்க மாமா, வேலை முடிஞ்சதும் நானே திருப்பி வாங்கித் தரேன்" என்றான் மச்சான்.

கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, அந்த வருஷத்தில் முதல் தடவையாக நான் எதைப் பற்றியும் கவலைப்படாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் காத்திருந்தோம். கம்பெனியிலிருந்து போன் வரும். மிஷின் ரிப்பேர் என்பேன், ஆள் லீவு என்பேன். பொய் சொல்லி முடித்ததும் அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன், அடுத்த தடவை மாற்றிச் சொல்லிவிடக்கூடாதே என்று. வடலூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு ரோலர் கடைந்து கொடுத்து இரண்டு வாரம் ஓட்டினேன். வேலை செய்கிற இருவரில் ஒருவர், இப்படியே போனால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமா அண்ணே என்று நேராகவே கேட்டுவிட்டார். பார்லிமென்ட்டிலிருந்து பதில் வந்துவிடும், கொஞ்சம் பொறு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பதில் வந்தது. மகள்தான் தன் போனில் தேடி எடுத்தாள், இங்கிலீஷில் இருந்தது. உறுப்பினர் பெயரைப் பார்த்ததும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தவள், நடுவில் குரலை இறக்கினாள்.

மூன்று கேள்விதான் இருந்தது. பாதுகாப்புத் தளவாடங்கள் செய்வதில் சின்னப் பட்டறைகளைச் சேர்த்துக்கொள்ள அரசு என்ன செய்திருக்கிறது. கடலோர மாவட்டங்களில் இதற்கென்று புதுத் திட்டம் ஏதாவது உண்டா. நட்பு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிற சரக்கில் இந்தப் பட்டறைகளுக்கு ஊக்கத்தொகை தருவார்களா. அரசாங்கம் மூன்றுக்கும் தாராளமாகப் பதில் சொல்லியிருந்தது. ஏற்றுமதி பெருகிவருகிறது, சின்னப் பட்டறைகளுக்கு மேலும் வாய்ப்புகள் வரும் என்று.

மறுபடி வாசி என்றேன். வாசித்தாள். ஒருவேளை இது வேறு கேள்வியாக இருக்கும், நம்முடையது குலுக்கலில் அடுத்த வாரம் வரும் என்றேன். அவள், அப்பா, கூட்டத்தொடர் முடிந்துவிட்டது என்றாள்.

உதவியாளருக்குப் போன் செய்தேன். என் குரல் அவருக்குத் தெரியவே தெரியாது என்பதுபோலப் பேசினார். ஐயா அந்த மாதம் சிதம்பரமே வரவில்லை, அப்படி யாரும் வந்து பார்க்கவில்லை என்றார். பெரியவரிடம் போய், வந்து சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டேன். வங்கி வாசலில் நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பென்ஷன் வாங்குறவன் தம்பி. நடந்தது நடந்ததுதான். ஆனா என்ன இழுக்காத." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒருவர்தான் நடந்தது என்றாவது சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஆள் பட்டறைக்கு வந்தார். எப்போதும் சரக்கைச் சோதிக்க வருகிறவர், மரியாதையான மனிதர். பையைத் திறந்து ஒரு பீஸை எடுத்து என் மேசையில் வைத்தார். மரையின் சந்தில் காய்ந்த சந்தனம் அப்படியே இருந்தது.

எங்கள் கணக்கில் இல்லாத பீஸ் ஒன்று வெளியில் சுற்றுவது சட்டப்படி எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று நிதானமாகக் கேட்டார். கேஸ் போட்டால் பட்டறைக்குச் சீல் வைப்பார்கள் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இது எப்படி உங்களிடம் வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"உங்க மச்சான்தான் கொண்டாந்து குடுத்தாரு. அவருக்கு நீங்க நன்றி சொல்லணும். மாமா ஒண்ணும் தெரியாதவரு, விட்டுடுங்கன்னு எவ்வளவு கெஞ்சினாரு தெரியுமா?" என்றார். இரண்டாவது ஆர்டரையும், வெளியில் எதுவும் பேச மாட்டேன் என்று ஒரு பத்திரத்தையும் முன்னால் வைத்தார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் இந்தப் பீஸை இங்கேயே அறுத்துப் போட்டுவிடலாம், மூன்றாவது தவணைப் பணமும் மறுநாளே வந்துவிடும். ஒரு வாரம் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, பீஸைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயந்திரம் மச்சானை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் அக்கா சமையலறையில் அடை வார்த்துக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்தான், எப்போதும்போலத் தட்டை வாங்கிக்கொண்டான். கேள்வியை மாற்றியது யார் என்றேன். உறுப்பினரோடு கம்பெனிக்காரர்களைப் பேச வைத்தது நான்தான் என்றான். மழுப்பவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப அது என்னா சாமான்னு உனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும் மாமா."

"சிதம்பரம் கூட்டிட்டுப் போனது?"

"நான் கூட்டிட்டுப் போவலன்னா நீங்க பேப்பர்காரன்கிட்ட போயிருப்பீங்க. இந்த ஊர்ல எட்டுப் பட்டறை அந்தக் கம்பெனியால ஓடுது, எல்லாம் நான் புடிச்சிக் குடுத்தது. நீங்க அந்தக் கேள்விய கேட்டு, அவுங்க பதில் சொல்லிட்டா, செத்தவன் எவனாவது எழுந்து வந்துடுவானா?"

அடையைப் புட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னான். என் மனைவி அடுப்பை அணைத்தாள். தோசைத் திருப்பியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"அவரு காமாலையில கெடந்தப்ப நீ வந்து பூட்ட இழுத்துப் பாத்தியே, அது நெசமாவே பாத்தியா?" என்று கேட்டாள்.

அவன் தட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்தான். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு அவன் வரவில்லை, விசேஷங்களில் தூரத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவே அந்த வாரம் முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. நான் கேட்டு என்ன ஆகிவிடப் போகிறது. நான் கடையாவிட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் கடைவார். ஆனால் அவர் தெரியாமல் கடைவார். நான் தெரிந்து கடைய வேண்டும். அந்த வித்தியாசத்தை என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. விளக்க முடியாமலே வரைபடத்தையும் கையெழுத்துப் போடாத பத்திரத்தையும் ஒரு கவரில் போட்டுப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். தபால் ஆபீஸிலிருந்து வெளியே வந்து, ரசீதை வாங்கினேனா என்று சட்டைப்பையை நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.

கேஸ் எதுவும் வரவில்லை. வரும் வரும் என்று இன்னமும் வாசலில் ஜீப் நின்றால் பார்க்கிறேன். வராததற்குக் காரணம், கேஸ் போட்டால் அது என்ன பொருள் என்று அவர்களே கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்று மகள் சொல்கிறாள். பணமும் வரவில்லை. சரக்கின் தரம் மறுபரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. மூன்று தடவை அளந்த சரக்கு. ஒரு லேத்தை விற்று, வேலை செய்த இருவருக்கும் கூலியையும் கரண்ட் பில்லையும் தீர்த்தேன். ஒருவர் கிளம்பிப் போய்விட்டார்.

அந்தப் பணம் வந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று மகள் ஒருநாள் கேட்டாள். அது எதில் வந்த பணம் என்று தெரிந்த பிறகும் நான் மாதாமாதம் பில்லை அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள்.  இந்த மாதமும் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது தவணை, இரண்டாயிரம் பீஸ், வரி உட்பட. வர வேண்டிய பாக்கி மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.